சாவடியில் விட்டுவந்த துப்பாக்கி

1886 முதல் 1918 வரை அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா ராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. அந்தக் காலத்து விதி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: துப்பாக்கியோடு வருபவர் முதல் சாவடியிலேயே சார்ஜென்டிடம் அதைக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்; திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம். அன்று பாதுகாப்பு தேவைப்பட்டது விலங்குகளுக்கு.

மனிதருக்கும் ஆபத்து வந்ததுண்டு: 1967 ஆகஸ்டில், அமெரிக்காவின் இன்னொரு தேசியப் பூங்காவான கிளேசியரில் ஒரே இரவில் இரண்டு கிரிஸ்லி கரடிகள் இரு இளம்பெண்களைக் கொன்றன. இரண்டுமே மனிதர் போட்ட மிச்சம்மீதி தின்று பழகியவை. குற்றம் குப்பையில் இருந்தது.

ஆனாலும் 2010 பிப்ரவரி 22 முதல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாம் என்றாகிவிட்டது. அதற்கு வழிவிட்டது கிரெடிட் கார்டு சட்டத்தில் செருகிய ஒரு திருத்தம்! பாய்ந்து வரும் கரடியைக் குறிபார்த்துச் சுட எத்தனை பேருக்குக் கை நடுங்காது? மிளகாய்க் காரம் அடைத்த ஸ்ப்ரே புகைபோல் பரவும், கரடியும் பிழைக்கும். என் இடுப்பில் அதுதான் இருக்கும்.