தூரமும் காலமும்: கொக்கலை – பேர்த் வான்வழி

இரு நகரங்களுக்கிடையேயுள்ள தூரம் மாறுவதன்று. அதனைக் கடக்கும் காலமோ தலைமுறைதோறும் மாறுவது. இக்காலம் பொறியின் ஆற்றலொன்றினாலேயே அமைவதெனப் பலர் கருதுவர். போரும் அரசியலும் அதனை அமைக்கும் என்பதற்குக் காலிக்கு அணித்தாயுள்ள கொக்கலை வாவியே சான்றாகும்.

1919 ஆம் ஆண்டில் றொஸ் சிமித்தும் அவர் குழுவினரும் இங்கிலாந்திலிருந்து டார்வின் நகருக்கு 28 நாட்களுக்குட் பறந்து சென்றனர். 1935 இல் இலண்டனுக்கும் பிறிஸ்பேனுக்கும் இடையே பிரயாணிகள் சேவை தொடங்கியபொழுது வழிப்பயணம் ஏறத்தாழப் பன்னிரண்டரை நாட்களாயிற்று. அவ்வழி சிங்கப்பூரூடாகச் சென்றது. 1942 பெப்ரவரி 15 ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியர் வசமாகவே அவ்வழியும் அறுந்தது.

அறுந்த இழையை முடிந்து வைத்தது இந்து சமுத்திரமே. 1943 இன் நடுப்பகுதியிலே, பேர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து கொக்கலை வாவிக்குக் குவாண்டாஸ் நிறுவனத்தார் கற்றலினா என்னும் நீர்விமானங்களைச் செலுத்தத் தொடங்கினர். இடையே இறங்குதற்கு இடமில்லை. தூரமோ 3,513 மைல். எரிபொருளின் பாரம் மிகுந்தமையால் மூன்று பிரயாணிகளும் சிறிதளவு தபாலுமே ஏற்ற இயன்றது. பகைவர் செவியிற் படாவண்ணம் வானொலி மௌனம் காக்கப்பட்டது. அவர் காவல் புரிந்த பகுதி இருளிலே கடக்கப்பட்டது. மாலுமிகளுக்கு வழிகாட்டியவை விண்மீன்களே. அவ்விமானங்கள் ஐந்தும் விண்மீன்களின் பெயரையே பூண்டிருந்தன. அவற்றுள் நான்கு, நம்மவர் திருவோணம், அபிசித்து, சித்திரை, கேட்டை என வழங்குவன, ஐந்தாவது றைஜல்.

பயணம் 27 முதல் 33 மணி வரை நீடித்தது. ஒரே பறப்பில் இருமுறை சூரியோதயங் கண்டமையால் இஃது 'இரட்டை உதயப் பறப்பு' எனப் பெயர் பெற்றது. 1945 யூலை வரை 271 முறை சமுத்திரங் கடந்தும் ஓர் உயிரேனும் இழக்கப்படவில்லை. 1944 இல் வந்த லிபரேற்றர் விமானங்கள், அவுஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலுள்ள லியர்மன்திலிருந்து ஏறத்தாழ 17 மணியில் இலங்கையை அடைந்தன. போர் முடிந்தபின், அரும்பணி புரிந்த கற்றலினாக்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

2018 மார்ச்சு மாதத்தில் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாச் சேவை தொடங்கிற்று. அத்தூரம் ஏறக்குறைய 9,000 மைல். காலமோ அதே 17 மணி. அன்று இலங்கைக் கரையை எட்டப் போதியிருந்த நேரம் இன்று இங்கிலாந்தையே எட்டப் போதுமாயிற்று.

இவ்வளர்ச்சி வியக்கத்தக்கதே. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. 1942 இல் பொறிகள் பழுதுபடவில்லை. மனிதரிடையே அமைதியே பழுதுபட்டது. அதனால் அண்மையிலிருந்த நகரங்கள் சேய்மையாயின. தூரத்தைச் சுருக்குவது விஞ்ஞானம். சுருங்கிய தூரத்தைக் காப்பது சமாதானம். இவ்வுண்மையைக் கொக்கலை வாவியின் அமைதியான நீர் இன்றும் நமக்கு நினைவூட்டுகின்றது.