சேர்வராயன் மணியும் லேசர் ஒளியும்

ஏற்காட்டுக்குச் செல்லும் மாணவர்கள் ஏரியைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். பாறைகளை உற்று நோக்குவோர் சிலரே என்பது என் மனக்குறை. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் பாறையால் ஆனது. 1893-இல் ஹாலந்து என்னும் புவியியலார், கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து இப்பெயரை இட்டார். பாறையில் ஆங்காங்கே சிவந்த மணிகளாகக் கார்னெட் தென்படும். நவமணிகளுள் ஒன்றான கோமேதகமும் இக்குடும்பத்ததே.

இச்சிவப்பு மணியில் இரும்பு உண்டு. ஆயினும் அது குண்டூசியை ஈர்ப்பதில்லை. அதன் இரும்பணுக்களின் காந்தத் திசைகள் ஒழுங்கின்றித் திரிவதே காரணம்.

1956-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெர்த்தோவும் ஃபோர்ராவும் இந்நிலையை மாற்றினர். சிவப்பு மணியில் அலுமினியமும் சிலிக்கனும் இருக்கும் இடங்களில் இரும்பும், இரும்பின் இடத்தில் யிட்ரியமும் அமைந்த கார்னெட்டை அவர்கள் ஆக்கினர். அதில் மூன்று இரும்பணுக்கள் ஒரு திசை நோக்க, இரண்டு எதிர்த்திசை நோக்கும். மிஞ்சும் ஒன்றின் வலிமையே அதன் காந்தம்! நுண்ணலைக் கருவிகளுக்கு அது பெரிதும் உதவியது.

அதையே மெல்லிய ஏடாக்குவது எப்படி? மெல்லச் சூடேற்றினால் தனிமங்கள் வெவ்வேறு வேகத்தில் ஆவியாகும், விகிதம் பிறழும், காந்தமும் கெடும். லேசர் துடிப்போ, வினாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்தில் கட்டியின் மேற்பரப்பைத் தாக்கி, எல்லாவற்றையும் ஒருங்கே ஆவியாக்கும். 1987-இல் அமெரிக்காவில் வெங்கடேசனும் குழுவினரும் மீக்கடத்தி ஏடுகளை இவ்வாறு படியவைத்த பின்னரே இம்முறை பரவலாயிற்று. 1993-இல் யிட்ரியம் இரும்புக் கார்னெட் ஏடும் வந்தது. அதைத் தாங்கும் தளமும் காந்தமற்ற வேறொரு கார்னெட்டே. அதன் அணுவரிசையைப் பற்றியே புதிய ஏடு வளர்கிறது.