முத்துக் கரையும் கொள்ளை நோயும்

மன்னார்க் கடலைப் பற்றி எழுதப் புகுவோர் முத்திலிருந்தே தொடங்குவது வழக்கம். நாம் அந்த முத்தை எடுத்தவர்கள் குடித்த தண்ணீரிலிருந்து தொடங்குவோம்.

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரையோர இடங்கள் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் சில வாரங்களுக்குள் ஓலைக்குடிசை நகரங்களாயின. பல்லாயிரம் மக்கள் கூடினர். சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டே முத்தைப் பிரித்தனர். 1905 ஆம் ஆண்டில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மூச்சடக்கி மூழ்கியவர்களுக்கோ மூன்றில் ஒரு பங்கு. அரசாங்கம் ஏலத்தில் பெற்றது சுமார் 25 இலட்சம் ரூபா. ஆனால், வறண்ட அக்கரையில் அத்தனை பேருக்கும் நன்னீர் எங்கே? வாந்திபேதி பரவி, குளிப்பு இடைநடுவில் கைவிடப்பட்ட காலங்களும் உண்டு.

இதே மன்னார் வழியாகத்தான் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத் தொழிலாளர் வந்தனர். தோணியில் கடலைக் கடந்து, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். வழிநெடுகக் குட்டை நீரைக் குடித்து, வாந்திபேதிக்கு இரையாகி வீழ்ந்தவர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அக்காலத்தையொட்டி எதிர்க்கரையில் மண்டபம் முகாமும் உருவாயிற்று. தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளர் அங்கே நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். அம்முகாம் நோயைத் தடுக்க உதவியதென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அது காத்தது யாரை? தோட்டத்தின் உழைப்புச் சக்தியை! தொழிலாளியின் ஊர்க்குளமோ அழுக்காகவே கிடந்தது.

இனி, நோயின் பக்கம் திரும்புவோம். 1884இல் றொபேட் கொக் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியைப் பிரித்தெடுத்தார். 1896இல், ஆக்ராவிலிருந்த ஹான்கின், கங்கை, யமுனை நீர் அக்கிருமியைக் கொல்வதையும், கொதிக்க வைத்தால் அவ்வாற்றல் அழிவதையும் வெளியிட்டார். கிருமிக்கும் எதிரி உண்டென்பதற்கு அது ஓர் ஆரம்ப அடையாளம். பின்னாளில் அதனைப் பற்றீரியாவைத் தாக்கும் வைரசின் செயலெனப் பலர் கருதினர். அத்தகைய வைரசைத் தேடியபோதுதான், 1962இல் பேர்லினில் ஸ்டோல்ப் என்பார் மண்ணிலிருந்து வேறொன்றைக் கண்டார். அது வைரசன்று, பற்றீரியாவையே உண்ணும் பற்றீரியா! அட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு டெலோவிபிரியோ என்று பெயரிட்டனர்.

இவ்வேடன் வால் சுழற்றி நீந்தி இரையில் ஒட்டுகிறது. வெளிச் சவ்வைத் துளைத்து உள்ளே புகுகிறது. உள்ளிருந்தே உண்டு, நீண்டு, பல குட்டிகளாகப் பிரிகிறது. மூன்று நான்கு மணி நேரத்தில் இரை வெடிக்க, குட்டிகள் அடுத்த இரையைத் தேடி வெளியேறுகின்றன. கடல்நீரிலும் இதன் இனத்தார் வாழ்கின்றனர்.

நன்கு கழுவாத தண்ணீர்க் குடத்தின் உட்புறம் விரலில் வழுவழுக்கும் அல்லவா? பற்றீரியாக்கள் கூடித் தாமே சுரந்த பசையில் கட்டிக்கொண்ட கோட்டை அது. மருந்துகள் எளிதில் ஊடுருவாத இக்கோட்டைக்குள் டெலோவிபிரியோ புகவல்லதென்பது 2005 அளவில் தெளிவாயிற்று. வாந்திபேதிக் கிருமியும் இத்தகைய படலம் அமைப்பதே. கூனியை ஒத்த மிகச் சிறு நீருயிர்களின் ஓட்டின்மேலும் அது ஒட்டி வாழ்கிறது. ஆனால், 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு எச்சரிக்கையும் தந்தது: அக்கிருமியின் படலத்தில் விளிம்பில் இருந்தவை அழிந்தன; நெருக்கமாக அடுக்கப்பட்ட உட்பகுதி தப்பிற்று.

ஆகவே, இவ்வேடன் இன்னும் மருந்தாகவில்லை. எனினும், பழைய மருந்துகள் தோற்றுவரும் இந்நாளில் இந்த ஆராய்ச்சியை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால், புதிய மருந்து வரும்வரை மக்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வங்காளதேசக் கிராமங்களில் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டியபோது வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென்று 2003இல் அறிவிக்கப்பட்டது. ஒட்டிய கிருமியோடு அந்நீருயிர்களும் துணியிலேயே தங்கிவிட்டமையே காரணம். எளிய பெண்கள் கைப்பட நிகழ்த்திய விஞ்ஞானம் அது!

மன்னார்க் கரையின் சரித்திரம் நமக்கு உணர்த்துவது இதுவே: கிருமியின் எதிரியைத் தேடுவது விஞ்ஞானியின் கடமை, உழைப்பவனின் குடத்தில் நல்ல தண்ணீரை நிரப்புவது சமுதாயத்தின் கடமை. அன்று ஆண்டவர்கள் 25 இலட்சத்தை எண்ணினார்கள், குடிநீரை எண்ணவில்லை. முன்னது வளரும்போதும் பின்னதை மறவாதிருப்போமாக!