கட்டுமரம் என்றொரு வசவு

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்று ஒரு பட்டியல் வாட்ஸப்பில் அடிக்கடி சுற்றும், பார்த்திருப்பீங்க. சுருட்டு ‘செரூட்’ ஆச்சு, மிளகுத்தண்ணி ‘முல்லிகடானி’ ஆச்சு, கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆச்சு. எல்லாமே உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியல் ஒரு விஷயத்தைச் சொல்லாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஒரு கெட்ட வார்த்தையும்கூட. வயதான பெண்ணை, வாயாடும் பெண்ணை அப்படித் திட்டினார்கள்.

படகு எப்படி வசவாச்சு? இதில் இரண்டு கட்சி உண்டு. அதற்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடலாம்.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி சதுரங்கப்பட்டினம் வரைக்கும் இந்தக் கரையில் அலை உடைகிற இடம்தான் கஷ்டம். அதைத் தாண்டிவிட்டால் கடல் கொஞ்சம் அடங்கிவிடும். குழிவான படகு என்றால் அந்த இடத்தில் தண்ணீர் ஏறிக் கவிழ்ந்துவிடும். கட்டுமரத்தில் தண்ணீர் ஏற இடமே கிடையாது. எடை குறைந்த மரங்களைச் சீவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். மேலே விழுகிற அலை இடுக்கு வழியாக வடிந்துவிடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப் போடுவார்கள். இன்றைக்குப் பணக்காரர்கள் ஓட்டும் இரட்டை உடல் கேட்டமரானுக்கும் இதற்கும் பெயரைத் தவிர பெரிய உறவு கிடையாது. அதன் வடிவம் பசிபிக் தீவுகளின் இரட்டைப் படகுக்குத்தான் நெருக்கம்.

இந்தச் சொல்லை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் வில்லியம் டாம்பியர். கடற்கொள்ளையராக இருந்தவர், 1690இல் சென்னைக் கோட்டைக்கு வந்து தங்கியவர். 1697இல் வெளியான அவருடைய உலகப் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்கள் வருகின்றன. சென்னையில் அப்போது துறைமுகம் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் வெள்ளைக்காரர்கள் கரைக்கு வரணும். அது கவிழ்ந்தால் தண்ணீரில் விழுந்தவர்களை இழுத்துப் போட்டுக் காப்பாற்றியவர்கள் பக்கத்திலேயே வந்த கட்டுமரக்காரர்கள். கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் இவர்கள்தான்.

இப்போது லண்டனுக்குப் போவோம். பிரான்சிஸ் க்ரோஸ் என்ற முன்னாள் ராணுவக்காரர் தெருவிலும் சாராயக் கடையிலும் புழங்கிய பேச்சைச் சேர்த்து 1785இல் ஒரு கொச்சைமொழி அகராதி போட்டார். அவர் இறந்தபிறகு மற்றவர்கள் விரித்து வெளியிட்ட 1811 பதிப்பில் ‘கேட்டமரான்’ இருக்கிறது. பொருள்: எலும்பும் தோலுமான கிழவி. காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது. கப்பல் உடைந்தவர்களைக் காப்பாற்ற, பாய்மரக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டும் மிதவையின் பெயராம் இது. சோழமண்டலம் பற்றியோ தமிழ் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. நம்ம கரை அதற்குள் சொல்லிலிருந்து உதிர்ந்துபோயிருந்தது.

இது முதல் கட்சி: துருத்திக்கொண்டிருக்கும் கட்டைகள், துருத்திக்கொண்டிருக்கும் எலும்புகள். இரண்டாவது கட்சி படகையே பார்ப்பதில்லை, சொல்லின் முதல் அசையைப் பார்க்கிறது. ‘கேட்’, அதாவது பூனை. சீறுகிற, பிறாண்டுகிற பெண்ணைப் பூனை என்று சொல்வது ஆங்கிலத்தில் பழைய வழக்கம். காட்டுப்பூனைக்கு ‘கேட்டமவுண்ட்’ என்று ஒரு பெயரே உண்டு. காதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி விழும்.

எது சரி? எனக்கென்னவோ இரண்டு கட்சிக்காரர்களும் இரண்டு வேறு பொருளுக்கு விளக்கம் சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது. 1811 அகராதியில் இருப்பவள் ஒல்லிக் கிழவி. அவள் சண்டைபோடுவதாக அங்கே இல்லை. அவளுக்கு மிதவை விளக்கம் போதும். பின்னாளைய அகராதிகளில் இருப்பவள் சண்டைக்காரி. 1830களில் மேரியட்டின் ‘பீட்டர் சிம்பிள்’ நாவலிலும் சொல் வெறும் வசவாகத்தான் வருகிறது. கட்டைக்கும் சண்டைக்கும் சம்பந்தமில்லை, அங்கே பூனைதான் பொருந்தும். பிறந்தது உருவத்தால், வளர்ந்தது ஓசையால். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான கதை: பெயர் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பதை யாரோ மாற்றியிருப்பார்கள்.

சொல் அங்கே மாட்டிக்கொண்ட இன்னொரு இடமும் உண்டு. 1804இல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த மிதக்கும் வெடிகளுக்கும் ‘கேட்டமரான்’ என்றே பெயர். பூலோன் துறைமுகத்தில் அக்டோபரில் விட்டுப் பார்த்தார்கள், பெரிய பலன் இல்லை. ஆளைக் காப்பாற்றிய பொருளின் பெயர் ஒரு பக்கம் வெடிகுண்டுக்கு, இன்னொரு பக்கம் கிழவிக்கு.

1886இல் யூலும் பர்னெலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி வந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். கட்டு, மரம் என்று பிரித்து, சொல்லை ஊர்பேரோடு அவர்கள் சரியாகப் பதிவுசெய்தார்கள். நம்ம வாட்ஸப் பட்டியலின் தாத்தா அதுதான்.

வெள்ளைக்காரன் நம்ம சொல்லை அசிங்கப்படுத்திட்டான் என்று முடித்துவிடலாம், சுலபம். ஆனால் லண்டனில் மீன் விற்ற பெண்ணின் பெயரே அங்கே வசவு. பில்லிங்ஸ்கேட் என்ற அந்த மீன் சந்தையின் பெயருக்குக் கெட்ட பேச்சு என்றே அர்த்தம். நாம் மட்டும் என்ன சொல்கிறோம்? ‘மீன்காரி மாதிரி கத்தாதே.’ வீட்டில், பள்ளிக்கூடத்தில், சினிமாவில் கேட்டு வளர்ந்த வாக்கியம் இது. கரையில் மீனை ஏலம் விடுகிற பெண் அலைச் சத்தத்துக்கும் காற்றுக்கும் மேலே விலையைச் சொல்லணும். மெதுவாகப் பேசினால் வியாபாரமே நடக்காது. அந்தத் தொழிலின் குரலை எடுத்து, அவளுக்குக் குணம் கெட்டவள் என்று பெயர் வைத்தோம்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் நிறைய வந்தன. கட்டுமரம் குறைந்துகொண்டே போகிறது. ஆங்கிலத்திலும் அந்த வசவு செத்துவிட்டது, இன்று அகராதியில் மட்டும்தான் கிடக்கிறது. தமிழில் ‘மீன்காரி’ இன்னும் சாகவில்லை. அடுத்த முறை அந்தப் பெருமைப் பட்டியல் உங்களுக்கு வந்தால், தாராளமா அனுப்புங்க. கூடவே இந்த வரியையும் சேர்த்து அனுப்புங்க.