கண்டியில் பழைய, மலிவு மல்டிமீற்றர்கள்

கண்டி நகரிலும் பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளைப் பக்கங்களிலும் வயரிங் வேலைக்கும் வாகனப் பற்றரி பார்க்கவும் புழங்கும் மலிவு டிஜிட்டல் மல்டிமீற்றர்களில் டிடி-830 வகை முக்கியமானது. 2022 இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறி, இறக்குமதியாகும் புதிய மீற்றர்களின் விலையும் கூடியபின், கையிலுள்ள பழைய மீற்றரை எவ்வளவு நம்பலாம் என்பது தொழிலாளிக்கு முக்கியமான கேள்வி.

டிடி-830 இன் சுற்று, 1970களின் பிற்பாதியில் இன்டர்சில் நிறுவனம் வெளியிட்ட 7106 சில்லின் வழிவந்தது. அளக்கும் வோல்ற்றளவால் ஒரு கொள்ளளவியை ஏற்றி, தெரிந்த உசாத்துணை வோல்ற்றளவால் அதை இறக்க ஆகும் நேரத்தை எண்ணுகிறது. ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே கொள்ளளவியில் நடப்பதால், அது நாட்பட மெல்ல மாறினாலும் விடை மாறாது. துல்லியம் தங்கியிருப்பது உசாத்துணையிலும் உள்ளீட்டுத் தடையிகளிலும்தான். வயதை மட்டும் வைத்துப் பழைய மீற்றரை ஒதுக்குவது தவறு.

நேரோட்டத்தில் இவ்வகையின் வழு பொதுவாக 0.5 வீதமும் கடைசி இலக்கத்தில் 2 எண்ணும். 12.60 வோல்ற் பற்றரியில் இது 0.1 வோல்ற்றுக்கும் குறைவு. மின்னேற்றம் போதுமா என்று பார்க்க இது தாராளம். ஆடலோட்டத்தில் கதை வேறு. வீட்டு மின்சாரத்தை 750 வோல்ற் வீச்சில் பார்க்க வேண்டும். அங்கே வழு 1.2 வீதமும் 10 எண்ணும். 230 வோல்ற்றில் அது கிட்டத்தட்ட 13 வோல்ற். இலங்கையில் மின்விநியோகத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கமே 6 வீதம், அதாவது 13.8 வோல்ற். மலைச்சரிவில் நீண்ட கம்பியின் கடைசி வீட்டில் மாலையில் 218 என்று காட்டினால், உண்மை 206 ஆகவும் இருக்கலாம், 230 ஆகவும் இருக்கலாம். மின்சாரம் குறைவென முறையிட அந்த எண் ஆதாரமாகாது.

ஆயுளைக் குறைப்பவை வேறு. கண்டியின் மழைக்கால ஈரத்தில் சுழல் ஆளியின் தொடுகைகளில் களிம்பு ஏறும். பயன்படுத்தாமல் விட்ட 9 வோல்ற் பற்றரி கசிந்து பலகையை அரிக்கும். பற்றரி மிகவும் தளர்ந்தால் உசாத்துணை விழுந்து, அளவு கூடுதலாகத் தெரியும். மீற்றரைச் சந்தேகிக்குமுன் பற்றரியை மாற்றிப் பார்ப்பது நல்லது.

நாட்டின் அளவை நியமங்களைப் பேணுவது, 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம். அது ஹோமாகமவில் உள்ளது. மலிவு மீற்றரை அவ்வளவு தூரம் கொண்டுபோவது கட்டுபடியாகாது. நல்ல மீற்றர் ஒன்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே நடைமுறை.

துல்லியத்தைவிடப் பெரிய குறை பாதுகாப்பு. இவற்றில் பலவற்றின் 10 அம்பியர் துளைக்கு உருகி இல்லை. முனை அந்தத் துளையில் இருக்கும்போது பிரதான மின்பலகையைத் தொட்டால் குறுஞ்சுற்று ஏற்பட்டுக் கையிலேயே வெடிக்கலாம்.