காதலும் சிரிப்பும் வேலையின்மையும்

காதலும் சிரிப்பும் கலந்த திரைப்படங்களை ஆராய்வது பொறுப்புள்ள விமரிசகனுக்கு உரிய பணியன்று என்னும் எண்ணம் முற்போக்காளர் பலரிடம் உண்டு. கண்ணீர்ப் படங்களிலாவது சமுதாயத்தின் சாயல் தெரியும். காதல் நகைச்சுவையோ உழைத்துக் களைத்தவனுக்குச் சில மணிநேர மயக்க மருந்து. அதில் ஆராய என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கிறார்கள். மயக்க மருந்தென்றே வைத்துக்கொள்வோம். எந்த நோவுக்காக மக்கள் அம்மருந்தை நாடினார்கள் என்று கேட்பதும் விமரிசகனின் கடமையல்லவா? எழுபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்து இன்றும் சலிப்பின்றிப் பார்க்கப்படும் ஒரு படத்தை முன்வைத்து அக்கேள்வியை நாம் எழுப்ப விரும்புகின்றோம்.

1955 ஜனவரியில் சென்னை விஜயா நிறுவனத்தார் வெளியிட்ட ‘மிஸ்ஸியம்மா’வே அப்படம். எல். வி. பிரசாத் நெறிப்படுத்த, தமிழிலும் தெலுங்கிலும் ஒருங்கே உருவாகியது. தமிழில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்தனர். தயாரித்தவர்கள் நாகிரெட்டியும் சக்கரபாணியும்; அதாவது, நம் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்து மகிழ்ந்த ‘அம்புலிமாமா’வை நடத்திய அதே இரட்டையர்.

கதை யாவரும் அறிந்ததே. பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத பாலு. பட்டம் பெற்றும் குடும்பக் கடனில் அமிழ்ந்திருக்கும் கிறிஸ்தவப் பெண் மேரி. கடன் கொடுத்த டேவிட் என்பான் அவளை மணக்க வேண்டுமென்று நெருக்குகிறான். ஒரு ஜமீன்தார் தமது பாடசாலைக்கு ஆசிரியர் தேடி விளம்பரம் செய்கிறார். பட்டதாரிகளாய் இருந்தாற் போதாது, கணவன் மனைவியராயும் இருத்தல் வேண்டும் என்பது அவரது நிபந்தனை. இருவரும் தம்பதியர் என்று பொய் சொல்லிப் பணியிற் சேர்கின்றனர். மேரி தன் மதத்தையும் மறைக்க நேர்கிறது. சிரிப்பு இங்கே தொடங்குகிறது. சிரிப்புக்கு மூலமாய் அமைந்தது வேலையில்லாத் திண்டாட்டம் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். ஒரு வேலைக்காக இரு படித்த மனிதர் எவ்வளவு தூரம் இறங்கி வரவேண்டியிருக்கிறது என்பதே படத்தின் முதற்பாதி.

யாழ்ப்பாணத்து ஆசிரிய உலகின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இக்கதை வேறொரு நினைவையும் எழுப்பும். மிசன் பாடசாலைகளிற் கல்விக்காகவும் உத்தியோகத்துக்காகவும் பெயரளவில் மதம் மாறி, வீட்டில் திருநீறும் பாடசாலையில் வேதாகமமுமாக வாழ்ந்தோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பலர். ஆறுமுக நாவலர் அத்தகையோரை வன்மையாகக் கண்டித்தார். 1960இல் இலங்கை அரசு உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றைப் பொறுப்பேற்கும் வரையில், முகாமையாளரின் மனத்துக்கும் மதத்துக்கும் ஏற்ப நடந்துகொள்வது ஆசிரியத் தொழிலின் எழுதாத விதிகளுள் ஒன்றாகவே இருந்தது. ‘மிஸ்ஸியம்மா’ அதே வேடத்தைத் திருப்பிப் போடுகிறது. இங்கே கிறிஸ்தவப் பெண் இந்துவாகிறாள். நாவலர் கண்டித்ததைத் திரைப்படம் சிரித்துக் காட்டியது. வயிற்றுக்காகப் போடப்படும் வேடம் எந்த மதத்தின் வேடமாயினும் ஒன்றுதான் என்னும் உண்மையை அச்சிரிப்பு நமக்கு உணர்த்திவிடுகிறது.

இக்கதை சென்னையிற் பிறந்ததன்று. வங்க எழுத்தாளர் ரவீந்திரநாத் மைத்ராவின் ‘மான்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்’ என்னும் நாடகத்திலிருந்து தம்பதியர் வேடமும், சரதிந்து வந்தியோபாத்தியாயரின் துப்பறியும் கதையொன்றிலிருந்து காணாமற்போன ஜமீன்தார் மகளைத் தேடும் இழையும் எடுக்கப்பட்டன. சக்கரபாணி வங்காளி மொழி பயின்று சரத்சந்திரரைத் தெலுங்குக்குக் கொண்டுவந்தவர். ஆதலின் இந்த இணைப்பு அவருக்கு எளிதாயிற்று. மைத்ராவின் நாடகம் 1935இலேயே வங்காளத்திற் படமாக வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் வங்கத்துப் படித்த இளைஞர் வேலையின்றித் தவித்த காலம் அது. இருபது ஆண்டுகள் கழித்துச் சுதந்திர இந்தியாவில் அக்கதைக்கு மீண்டும் உயிர் கிடைத்ததென்றால், இடைப்பட்ட காலத்தில் எது மாறவில்லை என்பது வெளிப்படை.

இதே மந்தகாலத்தில் ஹொலிவூட்டிலும் இதையொத்த சிரிப்புப் பிறந்தமை தற்செயலன்று. 1933இல் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வேலையற்றிருந்தனர். மறு ஆண்டில் பிராங் கப்ராவின் ‘இட் ஹப்பின்ட் வன் நைற்’ வெளிவந்தது. வேலையிழந்த பத்திரிகை நிருபன் ஒருவனும், தந்தையின் பிடியிலிருந்து தப்பியோடும் கோடீசுவரன் மகளும் பேருந்தில் நியூ யோர்க் நோக்கிப் பயணஞ்செய்கின்றனர். அவளைத் தேடிவரும் துப்பறிவாளர்களை ஏய்க்க, அவ்விருவரும் சண்டையிடும் கணவன் மனைவியராக நடிக்கின்றனர். தங்குமிடத்தில் இரு கட்டில்களுக்கும் நடுவே கயிறு கட்டிக் கம்பளி தொங்கவிடுகின்றனர். இறுதியில் மகளைக் கண்டுபிடித்தவனுக்கென அறிவிக்கப்பட்ட 10,000 டொலர் பரிசை நிருபன் நாடவில்லை. வழியில் தன் கையிலிருந்து செலவான 39 டொலர் 60 சதத்தை மட்டும் கேட்டு வாங்குகிறான். அந்த 60 சதத்தில் ஓர் ஏழையின் மானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அப்படத்தின் சாயலில் 1956இல் ராஜ் கபூரும் நர்கிசும் நடித்த ‘சோரி சோரி’ என்னும் இந்திப்படத்தைத் தயாரித்தவர்கள் சென்னை ஏவி.எம். நிறுவனத்தார்; அடுத்த ஆண்டில் ‘மிஸ்ஸியம்மா’வை ‘மிஸ் மேரி’ ஆக்கி இந்திக்குக் கொண்டு சென்றவர்களும் அவர்களே. வங்கத்துச் சிரிப்பும் அமெரிக்கச் சிரிப்பும் சென்னைத் தொழிற்சாலையிற் கலந்து இந்தியா முழுவதற்கும் விலைபோயின.

பொய் மணம் என்னும் இந்த உத்தி பார்வையாளரை ஏன் இவ்வளவு கவர்கிறது? தமிழிலக்கியம் பயின்றவர்க்கு ஒன்று உடனே தோன்றும். நமது அகமரபிற் களவு முந்தியது, கற்புப் பிந்தியது. தலைவனும் தலைவியும் பிறர் அறியாது கூடுவர், அலர் எழும், பின்னரே வரைவு. இப்படங்களில் அவ்வரிசை தலைகீழாகிறது. ஊரறிய இல்லறம் முதலில் நடக்கிறது. அந்த இல்லறத்துக்குள்ளே ஒருவர் அறியாமல் மற்றவர் உள்ளத்திற் களவு வளர்கிறது. அலர் தூற்ற வேண்டிய ஊரே வலிந்து வந்து இருவரையும் ஒன்றுசேர்க்கிறது. ஜமீன்தார் வீட்டார் அனைவரும் தம்மையறியாமலே தோழியின் தொழிலைச் செய்கின்றனர். தொல்காப்பியர் நகைக்குக் கூறிய நிலைக்களன்களுள் மடன் என்பதும் ஒன்று. பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என்று அதற்கு உரைகாரர் பொருள் விரிப்பர். மிஸ்ஸியம்மாவின் ஜமீன்தாருக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் இல்லை. எஸ். வி. ரங்காராவ் அப்பாத்திரத்தை அவ்வளவு அன்போடு நடித்துள்ளார்.

ஆணும் பெண்ணும் தனித்து உரையாடுவதே பழியாகக் கருதப்பட்ட சமுதாயத்தில், ஒரே கூரையின்கீழ் இருந்து வாதாடவும் கோபிக்கவும் மன்னிப்புக் கேட்கவும் அவர்களுக்கு உரிமை கொடுத்தது அந்தப் பொய்த்தாலி. பார்வையாளர்களுட் பெரும்பாலோர் பெற்றோர் பார்த்து முடித்த திருமணங்களுக்கு உரியவர்கள். முன்பின் அறியாத ஒருவரோடு முதலில் வீடும் பிறகு மனமும் பகிர்ந்தவர்கள். திரையில் மேரிக்கும் பாலுவுக்கும் நேர்ந்தது அவர்களுக்கு அந்நியமானதன்று. இருவரும் நிலவை விளித்து ஒருவர்மேல் ஒருவர் குறைகூறும் அந்தப் பாடற்காட்சியை எண்ணிப் பாருங்கள். ராஜேசுவரராவின் இசையும் ஏ. எம். ராஜா, லீலா ஆகியோரின் குரலும் இனியவை; ஆயினும் அங்கே நம்மைச் சிரிக்கவைப்பது ஒரு சாதாரண குடும்பச் சண்டையின் இயல்பு.

நாம் முதன்மையாகக் கருதுவது இன்னொன்று. பாலுவும் மேரியும் சமமானவர்கள். ஒரே பட்டம், ஒரே பசி, ஒரே வேலை. அவன் அவளைக் காப்பாற்ற வந்த வீரனல்லன். அவள் இன்றி அவனுக்கும் வேலையில்லை. சாவித்திரியின் மேரி எளிதிற் சினப்பவள், எவருக்கும் நன்றிக்கடன் பட விரும்பாதவள். சம்பளம் வாங்கும் பெண்ணின் தலைநிமிர்வு அவளது ஒவ்வொரு முகச்சுளிப்பிலும் தெரிகிறது. கூடி உழைப்பதிலிருந்து காதல் முளைக்கக்கூடும் என்னும் செய்தி, தியாகமும் கற்புமே பெண்ணின் அணிகலன்கள் என்று ஓயாது ஓதிய அக்காலச் சினிமாவிற் சிறிய செய்தியன்று. (அப்பாடசாலையில் நடக்கும் பாடத்தைவிட வீட்டில் நடக்கும் நாடகமே அதிகம் என்று ஆசிரியத் தொழிலர் குறைப்பட்டால், அக்குறையை நாம் மறுக்கமாட்டோம்.)

ஆனாற் படம் இந்தச் செய்தியோடு நிற்கத் துணியவில்லை. வில்லன் யார் என்று பாருங்கள். பாடசாலைக்கு உரியவர், தம் விருப்பம்போல் நிபந்தனை விதிப்பவர் ஜமீன்தார்; அவரோ உத்தமர். பழி முழுவதும் சில்லறைக் கடன் கொடுத்த டேவிட்டின் தலையில் விழுகிறது. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இலேயே நிறைவேறிவிட்டது. 1955இன் திரையிலோ சட்டத்தால் நீங்கிய ஜமீன்தார் ஊருக்கெல்லாம் தந்தையாய் வீற்றிருக்கிறார். இறுதியில் மேரியின் காலிலுள்ள மச்சம் எல்லாவற்றையும் தீர்த்துவைக்கிறது. அவள் கிறிஸ்தவப் பெண்ணல்லள், ஏழையுமல்லள். சிறுவயதிற் காணாமற்போன ஜமீன்தாரின் மூத்த மகள் மகாலட்சுமியே அவள். மதம் கடந்த மணமாக மலர்ந்திருக்க வேண்டியது ஒரே சமயத்தாரின் மணமாகிறது; வேலை தேடி வந்தவள் பாடசாலைக்கே சொந்தக்காரியாகிறாள். வங்கத் துப்பறியும் கதையைச் சக்கரபாணி எதற்காக இணைத்தார் என்பது இப்பொழுது விளங்கும். நாடகம் எழுப்பிய கேள்விக்குப் பிறப்பைக் கொண்டு விடை சொல்ல அக்கதை வேண்டியிருந்தது.

எனினும் பார்வையாளர் மனத்தில் நிற்பது அந்த மச்சமன்று. இப்படத்தை நினைவுகூரும் பெரியோரைக் கேட்டால் நிலாக்காட்சியைச் சொல்வார்கள், மேரியின் கோபத்தைச் சொல்வார்கள். மச்சத்தைப் பெரும்பாலும் நாமே நினைவூட்ட வேண்டியிருக்கும். முடிவைத் தணிக்கைக்கும் முதலாளிக்கும் விட்டுவிட்டு, நடுப்பகுதியை மக்கள் தமக்கென எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1964இல், ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வண்ணத்தில் வந்தது. நாகேசும் பாலையாவும் இணைந்த காட்சிகளுக்கு நிகராகத் தமிழ்த் திரையில் நகைச்சுவை அரிது என்பதில் நமக்கு ஐயமில்லை. இங்கும் கதை வேலையிழப்பிலேதான் தொடங்குகிறது. செல்வர் விசுவநாதனின் பெண்களோடு மோதிக்கொண்டதால் வேலைநீக்கம் செய்யப்பட்ட அசோகன், அவர் வீட்டெதிரே கூடாரமடித்து வேலை கேட்டுப் போராட்டம் நடத்துகிறான். தொழிற்சங்கங்கள் வளர்த்தெடுத்த ஒரு போராட்ட வடிவம் ஆட்டமும் பாட்டமுமாகிறது. போராட்டக்காரன் முதலாளி மகளின் காதலனாகிறான். 1955இல் வேலைக்காகத் தம்பதியர் வேடம் போட்டார்கள். 1964இல் பெண்ணுக்காகக் கோடீசுவரன் வேடம் போடுகிறார்கள். அசோகனின் நண்பன் வாசு நரைத்த தாடியோடு செல்வத் தந்தையாக வந்திறங்கியதும் விசுவநாதன் உள்ளம் குளிர்கிறார். பாலையாவின் முகத்தில் பணத்தின் முன் பணம் குழையும் அந்தக் காட்சியில் எள்ளல் உண்டு, கூர்மையும் உண்டு. நாம் வயிறு குலுங்கச் சிரிக்கின்றோம். வேலை கேட்டு அடித்த கூடாரம் என்னவாயிற்று என்று கேட்பார் மட்டும் அப்படத்தில் எவருமில்லை.