பாட்டியின் ஒப்பாரி

1968இல் தாத்தா செத்த அன்னைக்குப் பாட்டி மாரடிச்சு ஒப்பாரி வச்சா. "உயிர்த்தெழுதல்ல நம்பிக்கை இல்லாத அஞ்ஞானிதான் இப்படி அழுவா" என்று உபதேசியார் அதட்டினார். பாட்டி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்புறம் வெள்ளைக்காரன் மெட்டில் நாலு பாட்டு, நல்லடக்கம்.

இத்தனைக்கும் லாசரு செத்ததுக்கு இயேசுவே கண்ணீர் விட்டவர். எங்க சபைகளின் வரலாறும் அப்படியொன்றும் அமைதியானதில்லை. 1860இல் திருநெல்வேலிச் சீமையில், மிஷன் சம்பளம் வாங்காத ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் சபைகளில் சனங்கள் நடுங்கி விழுந்து, கதறிப் பாவ அறிக்கை செய்தார்கள். மிஷனரிகளில் சிலர் ஆவியானவரின் செயல் என்றார்கள், சிலர் முகஞ்சுளித்தார்கள். பாவத்துக்கு அழுதால் எழுப்புதலாம், புருசனுக்கு அழுதால் அஞ்ஞானமாம்!

பறை விசயம் இவ்வளவு லேசில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். எனக்கு ஒரே சந்தோசம். அம்மாவிடம் சொன்னேன். "ஊரான் சாவுக்கு அடிக்கமாட்டேன்னு அடிவாங்கித்தாண்டா ஒங்க தாத்தா வேதத்துக்கு வந்தாரு. அதையே கோயிலுக்குள்ள கொண்டாரியா?" என்றாள். எனக்கு நாக்கு எழவில்லை. விடுதலைக் கருவின்னு நாம எழுதுறோம். அவளுக்கு அது ஊரான் ஏவிய ஊழியம்.

1994இல் பாட்டி செத்தபோதும் பறை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஆனால் ஒப்பாரியைத் தொடங்கியவள் அவள்தான். ஐயர் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு, அது முடியும்வரை வாசலில் நின்றார்.